மாமன் மடியும் முன்சீட்டும்

வெடுக்கென்று இழுத்தால் நின்றுகொள்கிறது, பையப் பைய இழுத்தால் வருகிறது, சீட் பெல்ட்டுக்கு அதுதான் குணம், உனக்கும் அதே குணம்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார், ஆனால் முதுகுக்குப் பின்னால் தெருவே நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கும்போது பையப் பைய இழுக்கிற பொறுமைக்கு நான் எங்கே போவேன். மணி பத்து பத்து. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கார் வாசலை விட்டு நகர வேண்டும். என் மகள் தன்ஷிகாவுக்கு இன்றைக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. மூன்று வயது, பட்டுப்பாவாடை, கழுத்தில் கதம்ப மாலை, நெற்றியில் சந்தனம், என் அண்ணன் அழகுராஜாவின் இடுப்பில் உட்கார்ந்து காராச்சேவு கடித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் பக்கத்து வழக்கம், காதுகுத்துக்குப் போகிற பிள்ளையை வாசற்படியில் தாய்மாமன் தூக்கினால் கோயிலில்தான் இறக்க வேண்டும், நடுவில் பிள்ளையின் கால் தரையில் படக் கூடாது. மாட்டுவண்டியில் மாமன் மடியில் போனார்கள், டிராக்டரில் மாமன் மடியில் போனார்கள், இப்போது அண்ணன் கார் வாங்கிவிட்டான், அதனால் முன்சீட்டில் அவன், அவன் மடியில் அவள், கண்ணாடி வழியாக ஊரே பார்க்கப் பதினெட்டு கிலோமீட்டர். அதற்காகத்தான் அவன் பட்டுவேட்டி கட்டி, நேற்றே முடிவெட்டி, மீசைக்கு மை போட்டு வந்திருக்கிறான். அவன் உட்கார வேண்டிய அந்த முன்சீட்டில்தான் நான் புதுச்சேலையோடு முழங்காலை ஊன்றிக்கொண்டு, ஒரு பிள்ளை நாற்காலியின் முதுகுக்குள் பெல்ட்டைக் கோத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றே சொல்லியிருக்கலாமே என்கிறார்கள். நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே பஞ்சாயத்து நடந்து நேற்றே நான் தோற்றிருப்பேன். இன்றைக்கு என்றால் அவர்களுக்கும் நேரம் இல்லை.

இந்த நாற்காலி பெட்டியில் வந்த அன்றைக்கு என் மாமியார் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா நாகு, பிள்ள வெளிக்கிருக்க இம்புட்டுப் பெரிய நாக்காலியா?" என்று கேட்டார். இல்லத்தை, காருக்குள்ள வைக்கிறது என்றேன். "காருக்குள்ளயா வெளிக்கிருப்பா?" நானும் அத்தையும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி ஊற்றியது. அண்ணன் கார் வாங்கின செய்தி வந்த அன்றைக்கே நான் போனில் இதற்கு ஆர்டர் போட்டுவிட்டேன், இப்படி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். பின்சீட்டில் வைக்கத்தான் நினைத்தேன், பிள்ளைக்குப் பின்சீட்டுதான் நல்லது, அது எனக்குத் தெரியாமல் இல்லை. விடியற்காலையில் எல்லோரும் குளித்துக்கொண்டிருந்தபோது போய்க் கையை விட்டுத் துழாவினேன், பெல்ட் மாட்டுகிற வாயைக் காணவே காணோம். போன வாரம்தான் சின்னமனூரில் சீட் கவர் போட்டிருக்கிறான், மெரூன் கலர், கட்டம் கட்டமாகத் தையல், மூன்று பேர் உட்கார்ந்தால் குத்தக் கூடாது என்று தைத்தவர் அதை எல்லாம் அடியில் தள்ளி மேலே கவரை இழுத்து மூடித் தைத்துவிட்டார். அண்ணனைக் கேட்டேன், "பின்னாடி எவன் பெல்ட்டுப் போடுறான்" என்றான். சரி, முன்சீட்டுதான் கதி. முன்சீட்டில் பார்த்தால் அந்த வாய்க்குள் ஏற்கெனவே ஒரு வெறும் தகடு செருகியிருக்கிறது. பெல்ட் போடாவிட்டால் கார் கீங் கீங் என்று கத்துமாம், கத்தாமல் இருக்கக் கடையில் விற்கிற தகடு, பெல்ட் இல்லாத நாக்கு. தப்பு செய்கிறாய் என்று சொல்லுகிற ஒரே வாயையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். சிவப்புப் பித்தானை அமுக்கினேன், துள்ளி வந்தது, எடுத்துச் சாக்கடையில் வீசினேன். "ஏய், ஏய், நாகஜோதி!" என்றான் அண்ணன். முழுப் பெயர் சொன்னால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். வரட்டும்.

சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளியாயிற்று, கம்பியைத் தூக்கிக் காலால் உந்தினேன், கடகடவென்று போய் முட்டி நின்றது. முதுகை நிமிர்த்தி வைத்தேன். பெல்ட்டை நாற்காலியின் ஒரு பக்கத் துவாரத்தில் விட்டு மறுபக்கத்தில் வாங்கி, முறுக்கு விழாமல் பார்த்து, வாயில் கொடுத்து, டக். இனிமேல்தான் வேலை, முழங்காலை நாற்காலியின் மடியில் வைத்து என் எடை முழுவதையும் இறக்கி, பெல்ட்டின் தொங்கலை மேலே இழுத்து இறுக்க வேண்டும், அடியைப் பிடித்து ஆட்டினால் விரற்கடைக்கு மேல் ஆடக் கூடாது. ஆடுகிறது. இன்னொரு தடவை. நெல் மூட்டைக்கு வாய் கட்டின கை இது, உனக்கு அடங்காமலா போகும். சுற்றி நின்று சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன், எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்துவிடும், அதை வைத்து இவள் விளையாட்டுப்பிள்ளை, சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்று நினைத்துவிடுகிறார்கள். என் வீட்டுக்காரர் செல்வேந்திரன்தான் கார் ஓட்டப் போகிறார், தினமும் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர், மச்சான் பக்கமும் பேசாமல் பொஞ்சாதி பக்கமும் பேசாமல் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துடைத்த கண்ணாடியையே துடைக்கிறார். அந்தக் கண்ணாடி இன்றைக்குத் தேய்ந்து போகும்.

இவர்கள் எல்லோருக்கும் நான் பன்னிரண்டாவது வரை உள்ளூர்ப் பள்ளியில் படித்தவள், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் "மெட்ராஸ் பக்கம் துணிக் கம்பெனியில்" இருந்தேன் என்று அம்மா ஊரில் சொல்லி வைத்திருந்தாள். துணிதான், ஆனால் உடுத்துகிற துணி இல்லை. நான் தைத்தது ஏர்பேக். மொடமொடவென்ற வெள்ளை நைலான், ஊசி உடையும், விரல் நுனி காய்த்துப்போகும், ஒரு தையல் தாண்டினாலும் பையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அப்புறம் அதை ஒரு புத்தகம் அளவுக்கு மடிக்க வேண்டும், இப்படி ஒரு மடிப்பு, அப்படி ஒரு மடிப்பு, என் பிள்ளைக்குக் கைக்குட்டை மடிக்கிறபோதுகூட எனக்கு அந்த மடிப்புதான் வரும். சேர்ந்த முதல் வாரம் பயிற்சி ஹாலில் ஒரு படம் போட்டார்கள். பெரிய பொம்மை ஒன்று முன்சீட்டில், அதன் மடியில் சின்ன பொம்மை ஒன்று. கார் போய்ச் சுவரில் மோதியது. மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள், அப்படியும் பை எப்போது வந்தது என்று தெரியவில்லை, கண் இமைத்தால் போயிற்று. சூப்பர்வைசர் அக்கா படத்தை நிறுத்திவிட்டு, "சின்ன பொம்மை எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்றார். நாற்பது பெண்கள் தேடினோம். பெரிய பொம்மைக்கும் பைக்கும் நடுவில் அது இருந்தது, ஆனால் அதைப் பொம்மை என்று சொல்ல முடியாது. அன்றைக்குச் சாயங்காலம் ஹாஸ்டலில் யாரும் சப்பாத்தி தொடவில்லை. பை பெரியவர்களைக் காப்பாற்றத் தைக்கிறது, நல்ல பைதான், நான் தைத்தது எத்தனை பேர் நெஞ்சைத் தாங்கியதோ, அந்தப் பெருமை எனக்கு உண்டு. இந்தக் காரின் டேஷ்போர்டுக்குள் மடித்து உட்கார்ந்திருப்பதுகூட என் கை பட்டதாக இருக்கலாம். அதனால்தான் எனக்குத் தெரியும், அது ஆள் பார்த்து வராது, மருமகளா, மாமன் மடியா என்று கேட்காது. முன்கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் பக்கவாட்டில் ஒரு சாவித் துவாரம் இருக்கிறது. சாவியை விட்டுத் திருப்பினேன். மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது, பிள்ளைப் பக்கத்துப் பை அணைந்தது. மூன்று வருஷம் தைத்தவள் ஒரு திருப்பில் அதைத் தூங்க வைத்தேன், போ, தூங்கு, இன்றைக்கு நீ வேண்டாம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காரணத்தை நான்தான் வாயைக் கொடுத்துச் சொன்னேன், பை வெடித்தால் மடியில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று. அண்ணன் குனிந்து மஞ்சள் விளக்கைப் பார்த்தான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "பைய அணைச்சாச்சா?" என்றான். அணைச்சாச்சுண்ணே. "இனிமே வெடிக்காதுல்ல?" வெடிக்காது. "அப்பறம் என்ன வெங்காயத்துக்கு இந்த நாக்காலி? கழட்டு. எம் மருமக எம் மடியில வரட்டும்." தெருவே தலையை ஆட்டியது. அத்தை, "அதான, தம்பி சொல்றது சரிதானத்தா" என்றார். நான் பெல்ட்டைப் பிடித்தபடியே இருந்தேன். பை இல்லையென்றால் டேஷ்போர்டு இருக்கிறது, டேஷ்போர்டு இல்லையென்றால் கண்ணாடி இருக்கிறது, கண்ணாடிக்கு அப்பால் ரோடு இருக்கிறது, பதின்மூன்று கிலோப் பிள்ளை ஓடுகிற வண்டி சட்டென்று நின்றால் பதின்மூன்று கிலோவாக இருக்காது, உரமூட்டை கணக்காகப் பாயும், எந்த மாமன் கை தாங்கும். இதை எப்படிச் சொல்வது. நல்ல நாளும் அதுவுமாக, மஞ்சளும் குங்குமமும் தட்டில் இருக்க, மோதினால் என்று எப்படி ஆரம்பிப்பது. வீட்டில் எண்ணெய் தீர்ந்தால்கூட நிறைந்திருக்கிறது என்று சொல்லுகிற நாள் இது. அந்த வார்த்தையைச் சொல்லாமல் அந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும், சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கு மாடு மாதிரி, கிணற்றுக்குள் விழுந்ததைக் கிணறு என்று சொல்லாமல் எடுக்கச் சொன்ன மாதிரி. "காலு தரையில படக் கூடாது, அம்புட்டுத்தானே வழக்கம்? நீ தூக்கி இதுல உக்கார வையி, காலு தொங்கும், தரையில எங்கிட்டுப் படுது? கோயில்ல நீயே தூக்கு" என்றேன். ஒரு கிழவர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. "எங் கை என்ன செத்தா போச்சு?" என்றான். அவன் அந்த வார்த்தையைத் தன் கைக்குச் சொல்லலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கை. அவன் கையைப் பற்றி எனக்குத் தெரியாதா. எனக்கு நான்கு வயது, அவனுக்குப் பத்து, அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டு ஓட்டுவான், என்னை முன்கம்பியில் துண்டு மடித்து உட்கார வைத்து, ஒரு கையால் ஹேண்டில்பார், ஒரு கையால் என் வயிறு. அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பான், மூச்சு முட்டும். வாய்க்கால் மேட்டில் இறங்கும்போது என் குதிகால் சக்கரத்துக்குள் போயிற்று. அவன் கை விடவே இல்லை, அதுதான் விஷயம், கை வயிற்றில் அப்படியே இருந்தது, கால் கம்பிகளுக்குள் இருந்தது. அம்மா அவனைப் புளியமிளாரால் அடித்தாள், அவன் அழவில்லை, இரண்டு நாள் சாப்பிடவில்லை, நான் நொண்டி நொண்டிப் போய் அவன் வாயில் முறுக்கைத் திணித்தேன். இன்றைக்கும் நான் செருப்பைக் கழற்றினால் அவன் வேறு பக்கம் பார்ப்பான். இப்போது ஒரு வார்த்தை போதும், அன்னைக்கும் உன் கை பிடிச்சுக்கிட்டுதானேண்ணே இருந்துச்சு என்றால் போதும், வாயடைத்து நகர்ந்துவிடுவான், ஜெயித்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. வேண்டாம். அவன் என்னைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் ஆஸ்பத்திரிக்கு ஓடினவன், அந்த ஓட்டத்தை எடுத்து அவன் முகத்திலேயே அடிக்க மாட்டேன். வேறு எதை வைத்து வேண்டுமானாலும் சண்டை போடுவேன், அதை வைத்து இல்லை. நாற்காலியைப் பிடித்து ஆட்டினேன். இந்தத் தடவை ஆடவில்லை, காரே ஆடியது.

"பிள்ளையைக் குடுண்ணே" என்றேன். யோசித்துக்கொண்டே கொடுத்தான், கொடுத்தது அவள் அழுததால், என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். காராச்சேவைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன், ஓடுகிற வண்டியில் தின்னக் கூடாது, தொண்டையில் அடைக்கும். மாலையைக் கழற்றி அத்தையின் கையில் கொடுத்தேன், பெல்ட்டுக்கு அடியில் மாலையும் கூடாது, சங்கிலியும் கூடாது. இந்தப் பட்டுப்பாவாடைதான் பெரிய வில்லங்கம். நாற்காலியில் வார்கள் ஐந்து, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, இரண்டு காலுக்கும் நடுவில் ஒன்று, அந்த ஒன்று பாவாடைக்கு மேலே வந்தால் பிள்ளை வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். இதைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டில் யாருக்கும் பாவாடை கட்டிய பிள்ளை இல்லை போல. தொடை வரைக்கும் சுருட்டித் தூக்கிவிட்டேன். "ஏத்தா, பட்டு கசங்குமே, சரிகை போயிருமே" என்றார் அத்தை. கசங்கட்டுமத்தை, இஸ்திரிப் பெட்டி எதுக்கு இருக்கு. தோள்வார் இரண்டும் தோளுக்கு மேலே சரியாக வந்தன, நடுவில் கொண்டுவந்து சேர்த்தேன். அப்போது அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வேர்வையும் ஜவ்வாதும் கலந்து அடித்தது. குரலைத் தாழ்த்தினான், தாழ்த்தினதுதான் எனக்கு வலித்தது. "ஊரு முன்னாடி என்னைய ஏன் நாகு இப்படிப் பண்ற? சித்தப்பன் பெரியப்பன்லாம் பாக்குறாக. எங் கையில இருந்தா பிள்ளைக்கு என்ன ஆயிரும்? நீயே சொல்லு. என்ன ஆயிரும்?"

கேட்டுவிட்டான். என்ன ஆகிவிடும். நான் சிரித்து மழுப்பியிருக்கலாம், எனக்குத்தான் சிரிப்பு சும்மா வருமே, வரவில்லை. சந்தனம் வாசம், கற்பூர வாசம், டிரம்செட் ஆள் ஒருவன் குச்சியால் சும்மா தட்டிக்கொண்டிருக்கிற சத்தம், தன்ஷிகா என் தாலிக்கொடியைப் பிடித்து இழுக்கிறாள், படம் நின்றுவிட்டது, நாற்பது பெண்கள் தேடுகிறோம், எங்கே இருக்கிறது சொல்லுங்கள் பார்ப்போம். "செத்துரும்ணே" என்றேன். தாழ்த்திச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் வந்தது. "எவனாச்சும் குறுக்க வந்து மோதுனா, நீ எம்புட்டு இறுக்கிப் பிடிச்சாலும் பிள்ள செத்துரும்." டிரம்செட் குச்சி நின்றது. அத்தை "தூ, தூ, தூ" என்று மூன்று தரம் துப்பி, "உன் வாயில மண்ணைப் போட, என்ன பேச்சுப் பேசுற" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். யாரோ ஒரு பெண், அபசகுனம், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்றாள். இன்னொருத்தி, கொஞ்ச நேரம் என்றால் ராகுகாலமாச்சே என்றாள். எனக்கும் உள்ளே திக்கென்றுதான் இருந்தது, நான் என்ன கல்லா, சொன்ன வாய் பலித்துவிட்டால்? இன்றைக்கு ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் இந்த வாயைத்தான் சொல்லுவார்கள், ஆயுசுக்கும் சொல்லுவார்கள். சொல்லட்டும். சொல்லாமல் விட்டதற்காக ஒரு பிள்ளை தப்பித்த கதை எனக்குத் தெரிந்து இல்லை. சாவு என்று சொன்னால் சாவு வரும் என்றால், சீட் பெல்ட் செய்கிறவன் வீட்டில் தினமும் எழவு விழ வேண்டும். ஐந்து வாரையும் நடுவாயில் கொடுத்து அமுக்கினேன். டக். தொங்கலை இழுத்தேன், தோள்வாரை விரலால் கிள்ளிப் பார்த்தேன், கிள்ள வரவில்லை. மணி பத்து முப்பத்திரண்டு.

முதலில் அசைந்தது என் வீட்டுக்காரர். துணியைக் காலடியில் போட்டுவிட்டு, கார் கதவைத் திறந்து, "ஏறும்மா" என்றார் தன் அம்மாவிடம். அவ்வளவுதான் பேசினார், இந்த மனுஷனுக்கு அது ஒரு மேடைப் பேச்சு. அத்தை முணுமுணுத்துக்கொண்டே சீர்த்தட்டோடு ஏறினார். நான் ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன், அங்கிருந்து பார்த்தால் தன்ஷிகாவின் கன்னம் தெரியும். "எனக்கு எங்கிட்டு எடம்?" என்றான் அண்ணன். நடுவில் அத்தை, அந்தப் பக்கம் அவன், ஆனால் முன்சீட்டு வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு பூனை உட்காரலாம். "காலக் கழட்டி டிக்கில வைக்கவா? சீட்டக் கொஞ்சம் முன்னாடி தள்ளு." தள்ள மாட்டேன்ணே. "ஒரு சாண்." ஒரு விரற்கடைகூட இல்லை. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒரே அம்மா பெற்ற பிடிவாதம். "அப்ப நான் வரல. மாமன் இல்லாம நீயே காதக் குத்திக்க" என்று கதவை அறைந்து சாத்தினான். அதுதான் அவன் கையில் இருந்த கடைசிச் சீட்டு. மாமன் மடி இல்லாமல் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்க மாட்டார், கிடா வெட்டிப் பந்தி போட்டிருக்கிறோம், அழைத்த சனம் எல்லாம் கோயிலில் காத்திருக்கிறது, தெரியும், எல்லாம் தெரியும். கண்ணாடியை இறக்கினேன். "வராட்டிப் போண்ணே. காது எங்கயும் ஓடிராது. அடுத்த வருசம் குத்திக்கிடலாம்." கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

கார் நகர்ந்தது. யாரும் குலவை போடவில்லை. முன்னால் தன்ஷிகா, அடைத்து வைத்த ராணி மாதிரி, கால் இரண்டும் ஆட, வெறும் கால், கொலுசு மட்டும், "அப்பா, ஆன வருமா?" என்று கேட்கிறாள். யானை வரும் என்கிறார் அவர். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை, தட்டில் இருக்கிற வாழைப்பழத்தை நிமிர்த்தி நிமிர்த்தி வைக்கிறார். தெருமுனை திரும்பியது, மெயின்ரோட்டில் ஏறியது, எதிரே ஒரு ஜீப்காரன் அவன் பாட்டுக்கு ஏறி வந்தான், இவர் பிரேக்கைப் போட்டார், பெரிதாக ஒன்றும் இல்லை, அத்தை மட்டும் தட்டோடு முன்னால் போய் முட்டினார், இரண்டு பழம் உருண்டது. தன்ஷிகா அசையவில்லை. "அப்பா, ஆன?" என்றாள். அத்தை தட்டை நிமிர்த்திக்கொண்டு அவளையே பார்த்தார். பின்னால் பைக் சத்தம். தெரிந்த சத்தம், எங்கள் வீட்டுப் பைக். ஓரக்கண்ணாடியில் பார்த்தேன், பட்டுவேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்ணன் வருகிறான், முறுக்குகிற முறுக்கில் தெரிகிறது எவ்வளவு கோபம் என்று. இவர் வேகத்தைக் குறைத்து வழி விட்டார். பக்கத்தில் வந்தான், என்னைப் பார்க்கவில்லை, மருமகளைக்கூடப் பார்க்கவில்லை, நேராக முன்னால் போய், தாய்மாமன் முன்னால்தானே போக வேண்டும், நடுரோட்டைப் பிடித்துக்கொண்டான். கோயில் வரைக்கும் திரும்பமாட்டான், நாலு மாசத்துக்கு என்னோடு பேசமாட்டான். பேசாமல் இருக்கட்டும். தலையில் ஹெல்மெட் போட்டிருக்கிறான்.